ஐஸ்பெட்டி அண்ணாச்சி நலம் விசாரிக்க வந்த கதை

தூத்துக்குடியில் எமனுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயப்படுவது ஐஸ்பெட்டி அண்ணாச்சிக்குத்தான். எமனாவது கண்ணுக்குத் தெரியமாட்டான். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் வெற்றிலை வாயுமாகப் பஜாரில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை எங்கள் பக்கம் முதலில் வாடகைக்கு விட்டவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பந்தல், நாற்காலி, சொர்க்க ரதம், பூ அலங்காரம், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் என்று எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். வீட்டுக்காரர்கள் அழுதால் மட்டும் போதும்.

தொழிலில் கெட்டிக்காரர். தொழிலை விட்டால்தான் போக்கிடம் இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவர்கள், "வேலைய விட்டுட்டு நீங்க சிரமப்பட்டு வரணும்னு இல்ல அண்ணாச்சி" என்று கையோடு சொல்லிவிடுவார்கள். பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒருமுறை, அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்த ஒரு பெரியவரின் வீட்டு வாசலில் அண்ணாச்சியின் பைக் பஞ்சராகிவிட்டது. ஜன்னல் வழியாக அவரைப் பார்த்த பெரியவர் சத்தம் போட்டுக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். இன்றைக்கும் திடகாத்திரமாக இருக்கிறார்.

"டாக்டர் செய்யாதத என் டயர் செஞ்சிருக்கு. ஒருத்தன் நன்றி சொல்லுதானா பாரு" என்பார் அண்ணாச்சி.

பிள்ளைகள் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டதால் இப்போது சாவின் முறையும் மாறிவிட்டது. விமானம் வந்து சேரும்வரை பெட்டி காத்திருக்க வேண்டும். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு நேரலை காட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு இளவட்டம் கேமரா, பெரிய திரை, மேலே பறக்க ஒரு டிரோன் என்று கடை விரித்தான். அண்ணாச்சி விடுவாரா? செல்போனை ஸ்டாண்டில் மாட்டி அவரும் நேரலையில் இறங்கினார். முதல் துக்கத்திலேயே கனடாவில் யாரோ எதையோ அமுக்க, இறந்தவரின் முகத்துக்கு மேல் கலர் கலராகப் பலூன் பறந்தது. எல்லோரும் திகைத்து நிற்க, "பறக்கட்டும் விடுங்க, அவரும் மேலதான போறாரு" என்று சமாளித்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஊரில் ஒரே ஒரு சிநேகிதர் உண்டு. அது என் அப்பா. உப்பு வியாபாரம். சாயங்காலமானால் அண்ணாச்சி அப்பாவின் கடைக்கு வந்துவிடுவார். யார் முதலில் போவது என்று இருவருக்கும் தினமும் சண்டை.

"நான் முந்திட்டேன்னா நல்ல பெட்டியாப் போடுலே" என்பார் அப்பா.

"உனக்கு எதுக்கு மாப்ள பெட்டி? சொந்த உப்பு இருக்குல்லா?"

கடை அதிரச் சிரிப்பார்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு வீட்டோடு படுத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. பொழுது சாய்ந்தால் அப்பா வாசலைப் பார்த்து, "அவன் வந்தானா?" என்று கேட்பார். அம்மா பிடிவாதமாக இருந்தாள். "அந்த மனுசன் இந்த வாசப்படில கால் வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்." அவளைக் குறை சொல்ல முடியாது. பயத்தில் இருப்பவளுக்கு எல்லாமே சகுனம்தான்.

அண்ணாச்சி போனில் பேசிப் பார்த்தார். பழக்கதோஷம், எடுத்தவுடன் "எத்தன மணிக்கு எடுக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டவரே போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனும் இல்லை.

ஒருநாள் காலையில் துணிந்துவிட்டார். வேனை எடுக்கவில்லை, வெள்ளை வேட்டி கட்டவில்லை. பூப்போட்ட சட்டையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் தெருவுக்குள் அவர் திரும்பியதை முக்கு வீட்டு அக்கா பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஐயோ மாமா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே!"

மாரில் அடித்துக்கொண்டு அவள் ஓடிவர, பின்னாலேயே தெரு வந்தது. யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். யாரோ அப்பாவின் படத்தோடு வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டார்கள். "யக்கா, நான் சும்மா பாக்க வந்தேன்" என்று அண்ணாச்சி கத்தியது ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே அப்பாவின் செல்போன் அடித்தது. துபாயிலிருந்து துக்கம் கேட்கிறார்கள்.

"ஆமா, நாந்தான் பேசுதேன்" என்றார் அப்பா. "இல்ல, இன்னும் போகல."

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஊரே எனக்கு அழுது முடிச்சாச்சு. இனி அவன் வந்தா என்ன கெட்டுப்போகுது? உள்ள விடு ஏளா."

அம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகும் அண்ணாச்சி வெயிலில் நின்றார். பிறகு வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "மாப்ள, பழத்த படியில வச்சிருக்கேன். புளிக்காது. ஒண்ணத் தின்னு பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

"கேக்குதுலே" என்றார் அப்பா. அந்த மெலிந்த குரல் கட்டிலைத் தாண்டவில்லை.

அப்பா அதிக நாள் இருக்கவில்லை. அம்மாதான் போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். பெட்டியோடு வந்தார். அன்றைக்கு அவரை யாரும் தடுக்கவில்லை, வழிவிட்டு ஒதுங்கினார்கள். எனக்கு அது தாங்கவில்லை. நேரலை, பலூன் ஒன்றும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் படியும் ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரொம்பக் குளிருதாலே மாப்ள?" என்று ஒருமுறை மெல்லக் கேட்டார்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை வேனில் ஏற்றினார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. தெரியாமல் வாயைத் திறக்கிறவர்களை ஓடிப்போய் வாய்பொத்தித் தெருவில் விடுகிறவரே அண்ணாச்சிதான். அப்படிப்பட்டவர், செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"போயிட்டு வாரேன் தங்கச்சி."

வீடே திடுக்கிட்டது. அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தார். மூலையில் சுருண்டு கிடந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"வாங்கண்ணாச்சி" என்றாள். "அவுக இருக்கும்போதே உங்கள உள்ள விட்டிருக்கணும். இனிமே நீங்க வரணும்."

வாராவாரம் வருகிறார். ஆரஞ்சு வாங்கி வருகிறார், காபி குடிக்கிறார், அப்பாவைத் திட்டுகிறார். எந்த வாரமாவது அவர் வரவில்லை என்றால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.