பெல்ட்டு, பெல்பாட்டம், கத்திரி

உறுவையாறு ரைஸ்மில்லில் எமனே வந்தாலும் ஓரமாகத்தான் நின்றிருப்பான். எஞ்சின் ஓட்டுகிறவர் அப்படி. சொந்தப் பேர் என்னவோ, கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. இடுப்பில் டெய்லர் கத்திரி தொங்கும், அதனால் கத்திரி.

எஞ்சினிலிருந்து அரவை மிஷினுக்கு நீளமாக ஒரு பெல்ட்டு ஓடும். அதன் பக்கத்தில் யார் துணி தொங்கினாலும் கத்திரி வந்துவிடுவார். "இன்னாம்மா, பெல்ட்டுக்குப் படையல் போடுறியா?" கரக்! முந்தானை போச்சு. முதலாளியின் மாப்பிள்ளை சரிகை அங்கவஸ்திரத்தோடு மில்லைப் பார்க்க வந்தார், கைக்குட்டையோடு திரும்பினார்.

வெட்டினதோடு விடமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்து, வெட்டின ஓரத்தை மடித்து அவரே தைத்தும் கொடுப்பார். முதலாளி வேற ரகம். துணி தொங்கினால் ஒரு வாரம் வேலைக்கு வராதே என்பார். வாரம் கழித்து வந்தவர்கள் மறுபடி தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் அங்கே மூட்டை எடை போடுகிறவன். அன்று சாயங்காலம் பாகூரில் எனக்குப் பெண் பார்க்கப் போகணும். ஆசையாகத் தைத்த புது பெல்பாட்டத்தை, அறிவுகெட்டவன், காலையிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒவ்வொரு காலிலும் ஒரு மரக்கால் நெல் அளக்கலாம்!

அன்றைக்கு நான் பட்ட பயம் இருக்கே, அப்பப்பா! கத்திரி இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம். மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன், தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். கடைசியில் அவர் கண்ணில் படாமலிருக்க மிஷினுக்குப் பின்னாலேயே நுழைந்தேன்.

வெடுக்கென்று காலை யாரோ இழுத்தார்கள். பெல்ட்டு!

"அண்ணே!" என்று அலறிக் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, கால் போச்சு. ஓடிவரும் சத்தம். கரக்!

கண்ணைத் திறந்தால் கால் இருந்தது. முழங்காலுக்குக் கீழே பேன்ட்டுதான் இல்லை.

முதலாளி குதித்தார். "இவன் இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது!"

"தொரத்தினா வேற மில்லுல போயி காலை வுடுவான், மொதலாளி. இங்கயே இருக்கட்டும். நாளையிலேர்ந்து எஞ்சின் போடுறதுக்கு முன்னாடி எல்லார் துணியையும் இவன்தான் பாக்கணும்" என்றார் கத்திரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குப் பயந்தியே, பெல்ட்டுக்குப் பயந்தியாடா?"

என்னை வெளியே இழுத்து ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தார்.

மறு காலையும் சமமாக வெட்டி, ஓரம் தைத்தார். "பொண்ணு வூட்டுல ரெண்டு காலும் ஒரே அளவா தெரியணும்பா." வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை, அந்த அரை டவுசரோடேயே பாகூர் பஸ் ஏறினேன். பெண் சிரித்துவிட்டாள். இன்றைக்கும் என் வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

பல வருஷம் கழித்து ஏம்பலத்தில் கத்திரி இறந்துபோனதாகச் சேதி வந்தது. பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. அவ்வளவு தூரமும் நடந்தே போனேன், ரெண்டு காலாலயும்.