லாபத்தண்ணே மிதித்த ஒரே ஒரு நாள்

மூன்று வருஷம் தினமும் எட்டு மைல் சைக்கிளில் போய் வந்து, அதில் ஒரே ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் பெடலில் கால் வைக்காத ஆம்பளை மதுரைச் சீமையிலேயே ஒருத்தர்தான் உண்டு. அவர் எங்கள் விளாங்குடி லாபத்தண்ணே. இதை மறுக்கிறவர்கள் யாராவது இருந்தால் என் வீட்டுக்கு வரலாம். காபி கொடுத்து, உட்கார வைத்து, நிதானமாகச் சண்டை போடுகிறேன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். நெல்லுப்பேட்டையில் நெல் அளக்கிறவர். மரக்காலை நெல்லுக்குள் அமுக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டி, சாக்கில் கவிழ்க்கும்போது ராகம் போட்டு எண்ணுவார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லும் வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. "லாபம்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம். மற்ற அளவுகாரர்கள் இந்த வழக்கத்தைப் பேட்டையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். இவர் விடவில்லை. ஆற்றில் முங்கினாலும் லாபம், ரெண்டு. தோசை தின்றாலும் லாபம், ரெண்டு, மூணு. ஊரே அவரை லாபத்தண்ணே என்றது. பதினொரு வயசுப் பொண்ணான நான்கூட அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் கோவித்துக்கொண்டதில்லை.

மாற்றலாகிப் போன ஓவர்சியர் ஒருத்தர் தன் பழைய சைக்கிளை அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. இருபது வருஷமாக வலக்கையால் மரக்கால் வீசி வீசி அண்ணனுக்கு உடம்பே வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. சைக்கிளில் ஏறினால் அதுவும் வலப்பக்கம்தான் போகும். விளாங்குடியிலிருந்து மதுரையைப் பார்த்துக் கிளம்பினால் வலப்பக்கம் என்ன இருக்கிறது? வைகை ஆறு. தினமும் காலையில் மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஆற்றுக்குள் நிற்பார். ரெண்டு வைக்கோல் படப்பு, ஒரு எருமை, பந்தல் போட்டிருந்த ஒரு கல்யாண வீடு, இத்தனையும் அவருக்கு வலப்பக்கமாக இருந்த பாவத்துக்கு இடிபட்டன.

அவர் மகள் ராக்கு என் சோட்டுப் பிள்ளை, ஒரே வயசு. அய்யா சைக்கிள் பழகும்போது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது அவள் வேலை. ஒருநாள் அவர் கருவேலம் புதருக்குள்ளிருந்து தன்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் சும்மா நிற்பானேன் என்று குரங்குப் பெடல் போட்டுக் கிளம்பினாள். பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பி வந்து இறங்கினாள்.

"அய்யா, இது எடப்பக்கமும் போகுது" என்றாள்.

வேறொரு தகப்பனாக இருந்தால் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சைக்கிள் என்று முதுகில் ஒன்று வைத்திருப்பான். லாபத்தண்ணே அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியைத் தட்டினார். போய்க் கேரியரில் உட்கார்ந்தார்.

"மிதி தாயி, பாப்பம்" என்றார்.

அதோடு அவருடைய சைக்கிள் பயிற்சி முடிந்தது. மறுநாள் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், பாவாடை கட்டுகிற பிள்ளை ஏறுகிற மாதிரி நடுக் கம்பியைக் காய்ச்சிக் கீழே வளைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ராக்கு ஐந்தாம் வகுப்பு முடித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. மேலே படிக்க வேண்டுமானால் டவுனுக்குள் இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் போக வேண்டும். எட்டு பாஸ் பண்ணினால் டீச்சர் ட்ரெயினிங் போகலாம். அவளுக்கு அந்த ஆசை. அவள் தாய்மாமன் பரவைக்காரருக்கு வேறு ஆசை. அவர் மகனுக்கு மீசை அரும்பியிருந்தது. பொண்ணு வெளியே போய்விடக் கூடாது என்று வந்து நின்றார்.

ராக்குவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே பள்ளிக்கூடத்துக்கு நான் போய்வர எங்கப்பா ஜட்கா வண்டி வைத்திருந்தார். அதில் ஓரமாக ஒரு இடம் கேட்டாள். எங்கப்பா தலையை ஆட்டவுமில்லை, அசைக்கவுமில்லை, பேப்பரைத் திருப்பினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விஷயம் சாவடிக்குப் போனது. நாலு பேர் முன்னால் மாமன் ஒரு கண்டிஷன் போட்டார்.

"மச்சான், நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. படிக்கட்டும். ஆனா எட்டாங்கிளாஸ் பரீட்சை முடியிற வரைக்கும் ஒருநாள், ஒரே ஒருநாள், பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்துனதுக்கப்புறம் எம்மருமக வெளிய நின்னான்னா, அன்னைக்கே படிப்புக்கு முழுக்கு. பரிசம் போட்டுருவேன். அடுத்தவுக வண்டியில தொத்திக்கிட்டும் வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மாப்ள" என்றார் லாபத்தண்ணே.

"எதுல கூட்டிட்டுப் போவீக?"

"நான் எங்க கூட்டிட்டுப் போறேன்? அவதான் என்னையக் கூட்டிட்டுப் போறா."

சேர்க்கைக்குப் போன அன்றே சிக்கல் ஒன்று முளைத்தது. நிழலைப் பார்த்தாலே நாங்கள் ஒதுங்கி ஓடுகிற ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, மேஜையில் புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணச் சொன்னார். ராக்கு கணீரென்று ஆரம்பித்தாள்: "லாபம், ரெண்டு, மூணு..."

அம்மா நிறுத்தினார். "முதல்லயிருந்து."

"லாபம், ரெண்டு..."

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணே தெரியலையே" என்றார் அம்மா. வாசலில் நின்ற லாபத்தண்ணே உள்ளே வந்துவிட்டார். "அவளுக்குத் தெரியும்மா. சொல்ல மாட்டா. மொத மரக்காலுக்கு அப்பிடிச் சொன்னா வெளங்காது." அந்தம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதைச் சேர்க்காமல் விட்டால் நாளைக்கும் வந்து நிற்பார்கள் என்று பட்டதோ என்னவோ, சேர்த்துக்கொண்டார். ஒரே மாசத்தில் எங்கள் வகுப்பு முழுக்கக் கயிறு தாண்டும்போது லாபம், ரெண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது.

மூன்று வருஷம் ஓடியது. முன்னால் மகள் மிதிப்பாள். பின்னால் தகப்பன் குடை பிடிப்பார். செல்லூர் தாண்டி வைகைப் பாலத்து மேட்டில் ஏறும்போது மிதிக்கு ஒன்றாக எண்ணிக் கொடுப்பார். முப்பத்தெட்டாவது மிதியில் மேடு முடியும். பாலம் தாண்டியதும் அவர் நெல்லுப்பேட்டைக்கு இறங்கிக்கொண்டால் பத்து நிமிஷம் மிச்சம், இறங்க மாட்டார். பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்து, அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் நடையைக் கட்டுவார். அப்பனும் மகளும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்கள். தினமும் நாலு மைலுக்கு என்னதான் பேசுவார்கள் என்று எனக்கு வயிறு எரியும். எங்க ஜட்காவில் மெத்தை உண்டு, திரை உண்டு, பேசத்தான் ஆள் கிடையாது.

ஊர் சும்மா இருக்குமா? பாலத்தடியில் ஒரு ஏட்டு மறித்தார்.

"ஏய்யா, பச்சப் பிள்ளைய மிதிக்க விட்டுட்டு, கடோத்கஜன் மாதிரி பின்னால உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"வெக்கம் நெறைய இருக்கு ஏட்டய்யா. பாலன்ஸுதான் இல்ல."

ஏட்டு சிரித்துவிட்டார். சிரித்தபிறகு பிடிக்க முடியுமா? போகச் சொல்லிவிட்டார்.

மாமனும் சும்மா இல்லை. காய்கறி வண்டியோடு டவுனுக்கு வருகிறவர், தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே காபி கிளப்பில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா உட்கார விடுவார்களா கிளப்பில்? ஒரு காபி வாங்குவார். ராக்கு ஒருநாளும் பிந்தாமல் வந்துகொண்டே இருந்தாள். மாமனுக்குக் காபி இல்லாமல் தலைவலி வர ஆரம்பித்ததுதான் மிச்சம்.

கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் வரைக்கும் ஒரு நாளும் தவறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கண்மாய்க் கரையில் ராக்குவின் வலது பாதத்தில் கருவேலமுள் ஏறியது. விடியும்போது கால் பூசணிக்காயாக வீங்கி இருந்தது. தரையில் ஊன்ற முடியவில்லை. பெடலில் எங்கே ஊன்றுவது?

நான் ஜட்காவில் ஏறும்போது எதிர்ச்சாரியில் அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். சைக்கிள் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் தகப்பன், ஒரு பக்கம் மகள். அம்மாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அய்யா, நீங்க மிதிங்க" என்றாள் ராக்கு.

"நானா? ஆத்தா, நான் மிதிச்சா ஆத்துக்குள்ளதான் போகும்."

"போகாது. மூணு வருசமா நீங்க பின்னால வலப்பக்கம் சாஞ்சீங்கல்ல, நான் முன்னால எடப்பக்கம் சாஞ்சுதான் ஓட்டுனேன். இன்னைக்கு நீங்க முன்னால சாயுங்க. நான் பின்னால சாயிறேன்."

லாபத்தண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவள் கேரியரில் உட்கார்ந்து இடப்பக்கம் தொங்கினாள் பாருங்கள், தராசுத் தட்டுத் தோற்றது. சைக்கிள் நேராகப் போனது. ஊரே வாசலுக்கு வந்துவிட்டது.

செல்லூர் ரயில் கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். கூட்ஸ் வண்டி, முடிவில்லாமல் போகிறது. எங்க ஜட்காவும் பக்கத்தில் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. மாமன் போட்ட கண்டிஷன்கூட மறந்துபோனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன்.

"ராக்கு, ஏறிக்கடி. நான் எங்கப்பாகிட்டச் சொல்லிக்கிறேன்."

அவள் சிரித்தாள். "இம்புட்டு தூரம் எங்கய்யா ஓட்டிட்டு வந்திருக்காரு. இப்பப் போயி ஒன் வண்டியில ஏறுவேனா? கேட்டுத் தொறந்ததும் வழி விடு, போதும்."

கேட்டு திறந்தது. பாலத்து மேட்டில் இப்போது மகள் எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு. அவருக்கு மூச்சு இரைக்கிறது, சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. முப்பத்தெட்டில் மேடு ஏறிவிட்டார். எங்க குதிரை பின்னால் நுரை தள்ளிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும்போது மணி அடிக்க ஆரம்பித்தாயிற்று. வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மறு கதவில் கை வைத்துவிட்டார். எதிரே கிளப்பு வாசலில் மாமன், கையில் டம்ளர். அவர் ஜெயிக்கிற நேரம் அது. மச்சான் மிதிப்பதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வாய் பிளந்து பார்த்தவர், காபியைக் காலில் கொட்டிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார்.

"மிதி மச்சான்! விட்றாத, மிதி!"

தான் யார் கட்சி என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

பள்ளிக்கூடத்துக் கேட்டு தெருவுக்கு எந்தப் பக்கம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வலப்பக்கம். அண்ணன் ஹாண்டிலைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. ராக்கு இடப்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இருபது வருஷத்து மரக்கால் வேலை தானாகவே சைக்கிளை வலப்பக்கம் திருப்பி, பாதிக் கதவு வழியாக உள்ளே கொண்டு போய்விட்டது. உள்ளே போனதும் அவள் இடது காலை ஊன்றிச் சறுக்கி இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மணி நின்றது, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

அண்ணன் நிற்கவில்லை. அவருக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இத்தனை வருஷமும் ராக்கு, "எறங்குங்கய்யா" என்பாள், இவர் இறங்குவார், சைக்கிள் நின்றிருக்கும். இவர் இறங்குவதால்தான் அது நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது இறங்கச் சொல்ல ஆளில்லை. பிரேயருக்கு வரிசையாக நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் வேப்பமரம். அதை வலப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

முதல் சுற்றில் பிள்ளைகள் பின்வாங்கி வழி விட்டார்கள். அப்போது எங்கள் வகுப்பு வரிசையில் ஒரு குரல், "லாபம்" என்றது. அடுத்த சுற்றுக்கு வகுப்பே சொன்னது, "ரெண்டு". மூணுக்கு மொத்தப் பள்ளிக்கூடமும். ஜட்காவிலிருந்து குதித்து சாத்திய கேட்டுக்கு வெளியே நின்ற நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஆமாம், அன்றைக்கு லேட்டாக நின்றது நான்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கோபமாகத்தான் நின்றார். ஆனால் நாலு, அஞ்சுக்கு அவர் உதடு அசைந்ததை என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். ஏழாவது சுற்றில், "எறங்குங்கய்யா" என்று ராக்கு கத்தினாள். இறங்கினார். சைக்கிள் தனியாகப் போய் மரத்தில் சாய்ந்தது.

கேட்டுக்கு வெளியே என் பக்கத்தில் நின்ற மாமன் கம்பி வழியாகக் கேட்டார். "ஏன் மச்சான், பிரேக்கைப் பிடிக்க வேண்டியதுதான?"

"அது எங்க மாப்ள இருக்கு?"

மாமன் தலையில் துண்டைக் கட்டினார். "சரி. எம்மகனுக்கு வேற எடம் பாத்துக்கிறேன். அவ டீச்சராகட்டும். நீ மொதல்ல தண்ணியக் குடி" என்றார். 

ராக்கு அந்தப் பரீட்சையில் தேறினாள். ட்ரெயினிங் முடித்து மேலூரில் டீச்சரானாள். அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதலில் எதைச் சொல்லி எண்ணப் பழகினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

எனக்கு மனசில் நிற்பது அன்றைக்குச் சாயங்காலம். நான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், வாசலில் லாபத்தண்ணே சைக்கிளோடு நிற்கிறார். மறுபடியும் அவரே மிதித்தார், அவள் பின்னால் சாய்ந்துகொண்டாள். ரெண்டு பேரும் அவசரமில்லாமல் பேசிக்கொண்டே போனார்கள். எங்க குதிரைக்கு அவர்களைத் தாண்டுவது ஒரு வேலையே இல்லை. வண்டிக்காரர் சாட்டையை எடுத்தார்.

"வேணாம்ணே, முந்தாதீங்க" என்றேன். "அவுக பின்னாலயே மெதுவாப் போங்க."

பாலத்து மேடு வந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். திரையை விலக்கிவிட்டு, முப்பத்தெட்டு வரைக்கும் நானும் கூடவே எண்ணினேன்.