எனக்கு ரொம்ப அவசரம்

பயோடேட்டாவில் எல்லாரும் கொஞ்சம் புளுகுவார்கள். நான் புளுகியது தாய்மொழி விஷயத்தில்.

பி.காம். முடித்த வருடம் அது. செகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடி நாற்பது கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். (அதில் மூன்றை, வேறு கம்பெனியின் பெயரை மாற்றாமலே அனுப்பிவிட்டேன். காப்பி-பேஸ்ட்டின் கைங்கரியம்.) ஒருவரும் பதில் போடவில்லை. அப்போதுதான் ஒரு சென்னைக் கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. போனில் தமிழில் பேசி வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்கும் வேலை.

சென்னை! தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் இங்கே வந்துவிட்டது. நான் சென்னையைப் பார்த்ததே இரண்டு கல்யாணங்களுக்குப் போனபோதுதான். இங்கே பள்ளிக்கூடத்தில் என்னை 'மதராஸி' என்றார்கள். அங்கே கல்யாணப் பந்தியில் 'ஹைதராபாத் பொண்ணு' என்றார்கள். ஒரு நாளாவது பஸ்ஸில் ஏறி, தமிழில் டிக்கெட் கேட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார வேண்டும். அதற்காக ஏங்கினேன். விளம்பரத்தில் சம்பளம் எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை.

'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் 'தமிழ்: மிகச் சிறப்பு' என்று அடித்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டரான அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு 'மிக' போடும்மா, போனா போகுது" என்றார். போட்டேன்.

வீடியோ இன்டர்வியூவுக்கு அழைத்தே விட்டார்கள்! எனக்கு வாயில் "ஆமாம்" வராது, "ஹவ்"தான் வரும். "வேண்டாம்" என்பதற்கு "நக்கோ". ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். போதாதென்று லேப்டாப் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'ஹவ் சொல்ல நக்கோ.' (எழுதியது தெலுங்கு எழுத்தில். என் தமிழின் மிகமிகச் சிறப்பு இப்போது புரிந்திருக்கும்.)

திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கனிவாகக் கேள்வி கேட்டார். பத்து நிமிடம் ஒரு ஹவ் இல்லை, ஒரு நக்கோ இல்லை. கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

மனசில் இருந்த ஏக்கத்தையெல்லாம் திரட்டி, குரல் தழுதழுக்கச் சொன்னேன்: "மேடம், எனக்கு ரொம்ப அவசரம்."

அவர் முகம் மாறியது. "அடடா! முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க."

என்ன அன்பான வழியனுப்பு! "வர்றேன் மேடம்" என்று கும்பிட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். அம்மா கேசரி கிளறினாள்.

சாயங்காலம் மெயில் வந்தது. 'இருபது நிமிடம் காத்திருந்தோம். உடல்நிலை சரியானதும் தெரிவிக்கவும்.' வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. தாம்பரத்தில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, நடந்ததை வரி வரியாகச் சொன்னோம். சித்தி சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"ஏன்டி, இங்க வந்து ரொம்ப அவசரம்னா பாத்ரூம் போகணும்னு அர்த்தம்டி!"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எங்கள் வீட்டுத் தமிழிலும் அப்படித்தான். "சாம்பாருக்கு இன்னும் உப்பு அவசரம்" என்பாள் அம்மா. இந்த வேலை எனக்கு மிகவும் தேவை என்றுதான் நான் உருகியிருக்கிறேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் தமிழ் தெரியாதவள். மறைத்தால் வயிறு சரியில்லாதவள். வயிற்றின் மேல் பழியைப் போட்டேன். 'இடம் நிரம்பிவிட்டது' என்று மறுநாள் பதில் வந்தது. கேசரி மிச்சமிருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

இப்போது இங்கேயே மல்லாபூரில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் வேலை. வீட்டில் யார் பாத்ரூமுக்கு ஓடினாலும் "சென்னையிலேர்ந்து வீடியோ கால் வந்துடுச்சு" என்பது வழக்கமாகிவிட்டது. என் கல்யாணத்தில், மணையில் கால் மரத்துப்போய் நான் நெளிந்தபோதுகூடத் தம்பி குனிந்து, "என்னக்கா, இன்டர்வியூவா?" என்றான்.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனாலும் செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் போகும்போது சென்னை ரயிலின் அறிவிப்பு காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. அந்த ஊர் எனக்கு இன்னும் அவசரம்தான், எங்கள் வீட்டு அர்த்தத்தில்.