றிஸ்கான் கட்டிய மாபெரும் சுவர்

உலகத்தில் மனிதர் கட்டிய சுவர்களிலெல்லாம் மேலானது, திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் கட்டப்பட்டது. கல்லில்லை, சீமெந்தில்லை, மேசனுக்குப் பிளேன்டித் தேத்தண்ணி ஊற்றிய செலவுகூட இல்லை. கட்டியவர் கிண்ணியா றிஸ்கான்.

றிஸ்கான் கணினி விளையாட்டுகளுக்கு 'மெப்' செய்கிறவர். அதாவது, விளையாடுகிறவர்கள் ஓடித் திரிய ஊர் கட்டிக் கொடுக்கிறவர். லண்டன் கம்பனி ஒன்றுக்காகத் துறைமுகம், கடற்கரை, தெருவில் மேயும் மான் எல்லாம் வைத்து ஒரு முழுத் திருகோணமலையையே செய்திருந்தார். கம்பனி போட்டது ஒரே நிபந்தனை: ஒருவரும் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அங்கால் தரையில்லை, விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி ஒருவர் விழுந்தாலும் மெப் தள்ளுபடி. றிஸ்கானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டாரில் இருக்கும் மச்சானிடம் போக வேண்டியதுதான். 

ஆகவே எல்லை நெடுகக் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்தார். வடக்கு மூலையில் மட்டும், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று, சண்டைக் காலத்தில் ஆமிக்காரன் துவக்கோடு நின்ற சோதனைச் சாவடி போல, முட்கம்பியும் 'உட்பிரவேசிக்கத் தடை' என்றொரு பலகையும் நட்டார். பிறகு 'எல்லைப் பரிசோதனைக் குழு' கூடியது. குழு என்றால் இரண்டு பேர்: மூதூரிலிருந்து வேலைக்கு வந்து, அண்ணன் முறையில் றிஸ்கானை 'நானா' என்று கூப்பிடும் பஸ்மியா, கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் இராசையா.

திரையில் மெப் முழுக்கச் சைக்கிளில் சுற்றிவந்த இராசையா, ஒரு ஓட்டையும் இல்லை என்று அறிவித்தார்.

"வடக்கு மூலையும் பாத்தீங்களா ஐயா?" என்று கேட்டார் றிஸ்கான்.

"ஓம், பாத்தனான். பலகையைக் கண்ட உடன சைக்கிளால இறங்கி, உருட்டிக்கொண்டு திரும்பி வந்திட்டன்."

"பலகைக்கு அங்கால?"

"என்ன கதை கதைக்கிறீர் தம்பி? அதான் போட் போட்டிருக்கெல்லோ!"

"நானும் போகல்ல நானா," என்றாள் பஸ்மியா. "அடையாள அட்டையக் கேட்டா என்ன செய்ற?"

அந்த விளையாட்டில் அடையாள அட்டையே கிடையாது. இருந்தாலும் எவ்வளவு பொறுப்பான குழு! 'எல்லை பூரண பாதுகாப்பானது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த நாள் கம்பனியின் மேலாளர் சேயோன் வீடியோ அழைப்பில் வந்தார். லண்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நேரே வடக்கு மூலைக்கு ஓடினார், பலகையைப் பார்த்துச் சிரித்தார், முட்கம்பிக்கு மேலால் பாய்ந்தார்.

"ஐயோ அண்ணா, நான் விழுறன்! இங்க சுவரே இல்லை!"

றிஸ்கான் மெப்பைத் திறந்து பார்த்தார். உண்மைதான். பலகையை நட்டதும் வேலை முடிந்தது என்று எழும்பிப் போயிருக்கிறார். பின்னால் சுவர் வைக்கவேயில்லை.

"ஓட்டை எங்க எண்டு நீங்களே நடந்து காட்டுங்கோ அண்ணா. பதிவு செய்யோணும்."

திரையில் றிஸ்கானின் ஆள் பலகை வரைக்கும் போய் நின்றான். அங்கே சுவரில்லை என்பது றிஸ்கானைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் விரல் பொத்தானை அமத்த மாட்டேன் என்றது.

"நீ அமத்து பஸ்மியா."

"ஏலாது நானா." அவள் கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். இராசையா அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

சேயோன் வாயைப் பிளந்தார். "மூண்டு பேரையும் நிப்பாட்டிப் போட்டுதே! அண்ணா, இது சாதாரணச் சுவர் இல்லை. எங்கட எல்லா மெப்புக்கும் இது வேணும். உங்கட மெப் பாஸ்! சொல்லுங்கோ, எந்த மென்பொருளில செய்தனீங்கள்?"

பிழைத்தாயிற்று, இனிக் கட்டாரில்லை. றிஸ்கான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வந்தது வெட்கமும் ஆத்திரமும்தான். விரல் இன்னும் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"மென்பொருள் இல்ல சேர்," என்றார். "துவக்கு."