ஜன்னலோர அவகாடோ

அவகாடோ மசியலான குவாக்கமோலேயின் நடுவே குந்தியிருந்த கொட்டைக்கு வேர் இருந்தது. அதைப் பார்த்ததும் நசாரியோவுக்குத் தொண்டையில் சோளச் சிப்ஸ் அடைத்துக்கொண்டது.

"லிப்ராதோ, இந்தக் கொட்டையை எங்கேர்ந்துடா எடுத்தே?"

"ஜன்னல்ல டம்ளர்ல இருந்துச்சு மச்சான். நடுவுல கொட்டை வைக்கலைன்னா மசியல் கறுத்துடும்ல? இதுகூடத் தெரியாதா?" என்றான் மசியல் செய்த நண்பன்.

"அது என் மாமனார் மரத்துக் கொட்டைடா, பாவி!"

மெக்சிகோவின் உருவாப்பனில் அவகாடோவுக்கா பஞ்சம்? ஆனால் செத்துப்போன மாமனார் நட்ட மரத்தை ரோடு போடுகிறோம் என்று வெட்டிவிட்டார்கள். அதன் கடைசிப் பழத்துக் கொட்டையில்தான் அவன் பெண்டாட்டி எவுலாலியா பல்குத்தும் குச்சி செருகி, தண்ணீரில் உட்காரவைத்து, மாதக்கணக்கில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, "தண்ணி மட்டும் மாத்து. வேற எந்தப் புத்திசாலித்தனமும் வேணாம்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

உப்பும் எலுமிச்சையும் மிளகாயும் ஊறிய வேரை நசாரியோ குழாயில் கழுவினான். பாதி வேர் கையோடு வந்தது. தெம்பு வரட்டுமே என்று தண்ணீரில் சர்க்கரை கரைத்தான். எறும்பு ஊர்வலமே வந்தது. எறும்புக்கு மருந்தடித்தான். எறும்பும் போயிற்று, முளையும் கருகிப் போயிற்று.

வெட்டிய மரத்தடியில் உட்கார்ந்து எவுலாலியா அழுத அழுகை நசாரியோவுக்கு நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு வந்துடுவாடா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அட, பக்கத்து வீட்டு எர்மிலாக்கா ஜன்னலைப் பாரு. அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு" என்றான் லிப்ராதோ. "அக்கா பூசைக்குப் போயிருக்கு."

இந்தத் தெருவில் எந்த ஜன்னலில்தான் கொட்டை இல்லை? நசாரியோ சிலுவை போட்டுக்கொண்டு, கம்பிக்குள் கையை விட்டான். நல்லதை எடுத்தான். டம்ளர் காலியாக இருந்தால் ஊரைக் கூட்டிவிடுவாளே என்று கருகியதை அங்கே வைத்தான்.

மறுநாள் எவுலாலியா பையைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலுக்குப் போனாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடேயப்பா! இலைகூட விட்டிருக்கு!"

"பின்னே? பார்த்துக்கிட்டது யாரு?" நசாரியோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் முகத்தில் லேசாக ஒரு கூச்சம். "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்பா" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தப்பித்தோமடா சாமி என்று அவன் பெருமூச்சு விட்டான்.

அப்போதுதான் எர்மிலாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, கையில் டம்ளரோடு ஓடிவந்தாள்.

"என்னை மன்னிச்சிடுடி எவுலாலியா! உன் புருஷன் கையில குடுத்தா உருப்படாதுன்னு, இங்கே வேற ஒண்ணை வச்சுட்டு, எங்கிட்ட ஒளிச்சு வச்சுட்டுப் போனியே உங்கப்பா மரத்துக் கொட்டை... அது கருகிப்போச்சுடி!"