ஒத்த முளைக்குச்சி

அந்த முளைக்குச்சி இப்ப என் கட்டிலுக்கு அடியில கெடக்கு. மணி ரெண்டு. "எடுத்தவ திரும்ப வைக்க வருவால்ல"ன்னு எதுத்த வீட்டு ரீனா அப்பா டார்ச்சோட வெளிய ஒக்காந்திருக்காரு. யார்ட்டயும் சொல்லிராதீங்க.

நாகல் நகர்ல எங்க சந்துக்கு மட்டும் தண்ணி கெடையாது. நாலு மணிக்கு எந்திரிச்சு மெயின் ரோட்டுக் குழாய்ல கொடத்தோட நிக்கணும். திங்கக்கெழம, நகராட்சியிலருந்து அளக்க வந்த பேச்சிமுத்து அண்ணன் ஒத்த முளைக்குச்சிய ரீனா வாசல்ல அறைஞ்சிட்டுப் போயிட்டாரு. சந்துக்குள்ள குழாய் வருதாம், குச்சி நிக்கிற எடத்துலதான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

ரீனா என் கிளாஸ்தான். சந்துக்கே ஒத்த போன், அது அவ வீட்டுல. சைக்கிள் அவட்ட. இப்ப குழாயும் அவளுக்கே!

"ஏய் ஷைனி, இனிமே எங்க வாசலுக்கே வந்துரு. மொத நாலு கொடம் எங்களுக்கு, அப்புறம் நீ புடிச்சுக்க"ன்னா ரீனா.

வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரியே குச்சியப் புடுங்கி, அம்மிக்குழவியில துண்டச் சுத்தி, எங்க வாசல்ல அறைஞ்சிட்டேன்.

விடிஞ்சு பாத்தா குச்சி பக்கத்து வீட்டு பழனியம்மா அக்கா வாசல்ல நிக்குது!

"எங்க வாசல்ல இருந்ததுல்ல?"ன்னு ரீனா அம்மா கத்துனாங்க.

"ஆபீஸ்காரங்க எடம் மாத்திருப்பாங்க"ன்னு அந்தக்கா சாணி தெளிச்சுக்கிட்டே சொல்லுச்சு. என்னப் பாத்து, "ராத்திரி நல்லா தூங்குனியா தாயி?"

"தூங்குனேங்க்கா. நீங்க?"

"படுத்ததுதான் தெரியும்."

அன்னைக்கு ராத்திரி திரும்ப எடுத்தாந்தேன். ரொம்ப நாளா இங்கயே நிக்கிற மாதிரி தெரியட்டும்னு சுத்திக் கோலம் வேற போட்டேன். அதான் தப்பாப் போச்சு. விடிஞ்சா குச்சி கடைசி வீட்டு பாரூக் பாய் வாசல்ல. எங்க வாசல்ல கோலம் மட்டும் இருக்கு, நட்ட நடுவுல ஓட்டை.

"கோலத்துக்குள்ள என்னடி குழி?"ன்னா ரீனா.

"எறும்புப் புத்து."

"இம்புட்டுப் பெரிய எறும்பா?"

எனக்கில்லாதது எவளுக்கும் வேணாம்னு நேத்து ராத்திரி உருவியாந்து கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

காலைல சந்தே ரெண்டாயிருச்சு.

"குச்சிய எடுத்தவ கை வெளங்காமப் போகும்!"னாங்க ரீனா அம்மா.

"ஆமா, வெளங்கவே வெளங்காது"ன்னு எங்கம்மாவும் சேந்துக்கிச்சு. நான் கைய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் பேச்சிமுத்து அண்ணன் சைக்கிள்ல வந்தாரு. கேரியர்ல ஒரு கட்டு முளைக்குச்சி. எறங்குறதுக்குள்ள பழனியம்மா அக்கா ஹேண்டில்பாரப் புடிச்சிருச்சு.

"ஏப்பு, செத்த நில்லு. குழாய் யாரு வாசல்ல? இப்பவே சொல்லிட்டுப் போ!"

அவரு முழிச்சாரு.

"வீட்டுக்கு ஒரு குழாய்க்கா. அன்னைக்குச் சுத்தியல் காம்பு ஒடஞ்சிருச்சு, ஒத்தக் குச்சிய அடிச்சதோட போயிட்டேன். நாளைக்குக் காலைல எஞ்சினியர் வந்து அதுலருந்துதான் மத்த வீட்டுக்கெல்லாம் அளப்பாரு. பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?"