நான் தோற்கடித்த நடைபாதை

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே காணாமல் போகிற பழக்கம் எனக்கு உண்டு. கதிரையில் இருப்பேன், தலையாட்டுவேன், சிலவேளை சிரிக்கவும் செய்வேன். ஆனால் உள்ளே ஆளிருக்காது. இந்தப் பழக்கத்தால் நோர்வேயில் கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று தரம் தவறினேன். மூன்றாவது தரம் பக்கத்தில் இருந்து பரீட்சித்த அம்மணி, "சிவப்புக்கு நிறுத்தினாய், சரி. பச்சை வந்து போய்விட்டதே, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார். தெருவோரப் பேர்ச் மரமொன்றில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் சாரதிப் பத்திரம் தருவார்களா? (சொல்லிப் பார்த்தேன். தரவில்லை.)

ஆகவே எங்கள் வீட்டில் கார் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவின் தெற்கே, ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். என் மனைவி சுகந்திக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. காலை ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ் ஊரெல்லாம் சுற்றிப் போகும் என்பதால் நடந்தே போவாள். அந்தத் தெருவில் நடைபாதை கிடையாது. கோடையில் சமாளிக்கலாம். மாரியில் பனி தள்ளும் வாகனம் வந்து பனியையெல்லாம் ஓரத்தில் குவித்துவிடும். ஓரமாக நடக்கிறவளுக்கு ஓரமே இருக்காது. ஒருநாள் காலை லொறியொன்று உரசுகிற மாதிரி வந்ததில், பனிக்குவியலுக்குள் விழுந்து எழும்பித்தான் வேலைக்குப் போயிருக்கிறாள்.

"பனி நல்ல மெத்தையப்பா. இன்னும் கொஞ்சம் படுப்பமோ எண்டு யோசிச்சனான்" என்று பகிடியாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்து தொலைபேசியில் சொல்லும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

இப்படியிருக்கும்போதுதான் தபாற்பெட்டியில் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் பகுதிக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். குடியிருப்பாளர் எல்லோரும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூடி, கை உயர்த்தி வாக்களித்து, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று, உதைபந்தாட்டத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு கார் தரிப்பிடம். மற்றது, குடியிருப்புக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் ஓடையை ஒட்டி, விளக்குகளோடு, நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை. அது நேரே முதியோர் இல்லத்தின் வாசலுக்குப் போகும்.

கடிதத்தை வாசித்து முடிக்கமுன்பே நான் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டேன். விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் பனியில் வட்டம் வட்டமாக விழுகிறது. உறைந்த பாளத்துக்குக் கீழே ஓடை தனக்குள் ஏதோ கதைத்துக்கொண்டு போகிறது. யாரோ சைக்கிள் மணி அடித்துக் கடந்து போகிறார்கள். சுகந்தி அவசரமில்லாமல், தலைக்கு மேலே மரங்களைப் பார்த்தபடி நடந்து போகிறாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்த பிறகே நான் குசினிக்குத் திரும்பி வந்தேன்.

ஐந்து வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தொலைபேசியில் சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் அதை அழைப்பாகவே கணக்கெடுக்க மாட்டார்கள். முப்பத்தைந்து பேரைச் சேர்த்துவிட்டேன். (அந்த ஐந்து வாரத்தில் குடித்த தேத்தண்ணியில் பாதையையே கழுவியிருக்கலாம்.) பஸ் ஓட்டும் குணம் அண்ணைதான் என் வலதுகை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"தம்பி, நோர்வேக்காரர் கூட்டத்திலை கதைக்கிற நொஸ்க் பாஷை வேறை. முதலாவது முன்மொழிவு, ரெண்டாவது திருத்தமெண்டு சொல்லுவினம். எங்கடை சனம் எங்கை கையைத் தூக்கும்?"

"அண்ணை, ஒருத்தரும் ஒண்டையும் கேக்கத் தேவையில்லை. எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டிருக்கட்டும். நான் தூக்கேக்கை தூக்கினால் காணும்."

எவ்வளவு எளிது! என் வாழ்க்கையில் நான் போட்ட மிகத் திறமான திட்டம் அதுதான். ஆட்களும் சொல்வழி கேட்டார்கள். குளிர்க்கோட்டுக்குள் பட்டுச்சேலை உடுத்து, றோல்ஸும் வடையும் சட்டிகளில் எடுத்துக்கொண்டு, பின்வரிசைகளை நிரப்பிக்கொண்டு இருந்து ஊர்ப் புதினம் கதைத்தார்கள். நான் எல்லோருக்கும் தெரியும்படி முன்வரிசையில் இருந்தேன். சுகந்திக்கு அன்று மாலை வேலை. இடையில் அரை மணி கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றிருந்தாள். பக்கத்துக் கதிரையில் என் கழுத்துச் சால்வையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்தேன்.

தலைமை தாங்கிய பேரித் என்ற பெண்மணி விளக்கமாகச் சொன்னார். முதலில் கார் தரிப்பிடம், அடுத்தது பாதை. ஒருவருக்கு ஒரு வாக்கு. முதலாவதில் என்னுடைய வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. உலகத்தில் எனக்கு நன்றாக வரும் வேலை அதுதான். கையை மடியில் வைத்தேன். உயரத்து யன்னலுக்கு வெளியே அந்த ஆண்டின் முதற்பனி மெதுவாக விழத் தொடங்கியிருந்தது. நான் போய்விட்டேன்.

ஓடையோரம் அமைதியாக இருந்தது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. தூரத்தில், பனிக்குள்ளால் சுகந்தி வருகிறாள். தொப்பியில் பனி, தோளில் பனி, முகத்தில் சிரிப்பு. கிட்ட வருகிறாள். பாதையின் முடிவில் ஏனோ ஒரு மண்டபக் கதவு. அதைத் திறந்துகொண்டு நின்று என்னைத் தேடுகிறாள்.

"இஞ்சை, இஞ்சை! இடமிருக்கு!" என்று வலது கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினேன்.

அவள் உண்மையாகவே கதவடியில் நின்றாள். பேரித் கார் தரிப்பிடத்துக்கு வாக்குக் கேட்டிருந்தார். எனக்குப் பின்னால் ஏதோ காற்று வீசியது. திரும்பிப் பார்த்தால் முப்பத்தைந்து கைகள்!

பதறி எழும்பினேன். "இல்லை, இல்லை!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினேன். முப்பத்தைந்து பேரும் மற்றக் கையையும் தூக்கினார்கள். குணம் அண்ணை எழும்பி நின்றே தூக்கினார். பேரித் சிரித்துக்கொண்டு, "ஆர்வம் புரிகிறது, ஆனால் ஒருவருக்கு ஒரு கைதான்" என்றார். கதவடியில் நின்ற சுகந்தி எங்கள் சனமெல்லாம் தூக்கியிருப்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றிவிட்டுத் தானும் ஒரு கையைத் தூக்கினாள்.

அடுத்தது பாதைக்குக் கேட்டார்கள். எங்களுடைய வாக்கெல்லாம் முடிந்துவிட்டது. நாயோடு வந்திருந்த ஒரு கிழவரும் இன்னும் சில நோர்வேக்காரரும் கை உயர்த்தியபடி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கார் தரிப்பிடக்காரர் வரிசையாக வந்து கைகுலுக்கி நன்றி சொன்னார்கள். எங்கள் றோல்ஸையும் அவர்களே சாப்பிட்டு முடித்தார்கள்.

"தம்பி, வெண்டிட்டமோ?" என்று வாய் நிறைய வடையோடு கேட்டார் குணம் அண்ணை.

சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கதிரையில் கிடந்த சால்வையை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"சரி, அழாதேங்கோ. நாளையிலையிருந்து நீங்களும் என்னோடை நடவுங்கோ. லொறிக்காரனுக்கு ரெண்டு பேரெண்டால் தெரியும்" என்றாள்.

நடந்தேன். இரண்டு மாரிகாலம், வெளிச்சம் பட்டால் மினுங்கும் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் நான், பனிப்பக்கம் அவள். அவளை வாசலில் விட்டுவிட்டு நான் கடை வேலைக்குப் போவேன். வீட்டில் கதைக்க நேரமில்லாத கதையெல்லாம் அந்தத் தெருவில்தான் கதைத்தோம். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு புதிதாக ஒரு தொகை வந்து, அந்தப் பாதையும் திரும்ப வாக்கெடுப்புக்கு வந்தது. அன்று குணம் அண்ணை ஒரு பக்கமும் சுகந்தி மறுபக்கமுமாக இருந்து என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். (கலியாண மேடைக்குப் பிறகு சபையில் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.) என்னுடைய வாக்கு இல்லாமலே பாதை வென்றது.

பாதை திறந்த முதல் வேலைநாள் காலை நான் அங்கியைத் தேடினேன். "இனி வேண்டாமப்பா, பாதையிருக்குத்தானே. நீங்கள் படுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுகந்தி போய்விட்டாள். ஆசைப்பட்டது கிடைத்த அந்த நாளில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, பாதை சரியான வடிவு."

"பயமா இருக்கோ?"

"பயமில்லை. கதைக்க ஆளில்லை. ஓடி வாங்கோ."

படுக்கையில் உடுத்திருந்த சாரத்துக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். எதிரே நாயோடு அந்தக் கிழவர். என்னை அடையாளம் கண்டு, சாரத்தையும் கண்டு, காலை வணக்கமாக ஒரு கையை உயர்த்தினார். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். விளக்கடியில் நின்று இதைப் பார்த்த சுகந்தி, வேலைக்குப் போய்ச் சேரும்வரை சிரித்தாள். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணிக்கு முதல் இந்தக் கதையைத்தான் பரிமாறுகிறாள். பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடித்துக் காட்டுவார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.